பிரித்துச் சேர்க்க முடிந்ததே பெருஞ்சாமான்!

(தலைப்பு: ‘இல்லத்துக்கு ஏற்றது கடையில் வாங்கும் புதிய மரச்சாமானா, பழைய சாமான் சந்தையில் எடுத்துப் புதுப்பித்த மரச்சாமானா?’ பழையதே என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கிய வரி எது? “யாரோ உட்கார்ந்த நாற்காலியில் நான் ஏன் உட்கார வேண்டும்?” என்றார். சொன்ன கையோடு போய் இந்த அரங்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்று அதில் யார் உட்கார்ந்தார் என்று விசாரித்தாரா? நாற்காலி ஆடவில்லை, உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் ஐயா, ஒரு நாற்காலியிடம் கேட்க வேண்டிய கேள்வி: ஆடுகிறதா, ஆடவில்லையா?

எங்கள் அணியில் எனக்கு முன் பேசியவர், பழையது மலிவு என்றார். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் அதைத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. உப்புத்தாள், பாலிஷ், புதுக் கைப்பிடி, ஏற்றி வரும் வண்டி என்று கூட்டிப் பார்த்தால் சில சமயம் புதியதே மலிவாக இருக்கும். என் வாதம் வேறு. பழைய சாமானைப் பிரிக்கலாம், மறுபடி சேர்க்கலாம்.

பழைய மேசை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு கட்டையின் நாக்கு இன்னொரு கட்டையின் துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இழுப்பறையின் மூலையில் புறா வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். அந்தக் காலத்துப் பசை பெரும்பாலும் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். இது குறையல்லவா என்பீர்கள். அதுதான் அதன் பெருமை. கால் ஆடினால் பசையை இளக்கிக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப ஒட்டலாம்.

இனி உங்கள் பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு வருவோம். மரத்துகளைப் பிசினோடு கலந்து அழுத்திய பலகை அது. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பும். உப்பியது பழைய நிலைக்கு வராது. வீடு மாற்றுகிறோம் என்று ஸ்குரூவைக் கழற்றி அதே துளையில் மாட்டினால் பிடிக்காது, பொலபொலவென்று உதிரும். அப்புறம் அதற்கு ஒரே இடம் குப்பை மேடு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2018-ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கைக் கேளுங்கள்: வீட்டுச் சாமான், அறைகலன் வகையில் மட்டும் ஒரே ஆண்டில் 1.21 கோடி டன் கழிவு. அதில் சுமார் 80 சதவீதம் மண்ணுக்குள் போனது. மறுசுழற்சி? சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

பூச்சி வரும் என்றார்கள். வரும்தான், அதனால்தான் பார்த்து எடுக்கிறோம். பலகையில் சின்னச் சின்னத் துளை, கீழே புதிதாக உதிர்ந்த மாவு போன்ற தூள் இரண்டும் இருந்தால் வண்டு உள்ளே குடியிருக்கிறது, தொடாதீர்கள். பஞ்சு வைத்த பழைய சோபாவையும் மெத்தையையும் நானே வேண்டாம் என்பேன். சரக்கு அடுக்கி ஏற்றும் மரத்தட்டின் (பேலட்) பலகையில் சோபா செய்வோரும் அதில் குத்திய முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்கும். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பழைய வண்ணப் பூச்சில் ஈய நச்சு இருக்கும் என்று எதிரணி சொன்னது நியாயமான அச்சம். அமெரிக்காவே வீட்டுப் பூச்சிலும் மேசை நாற்காலிப் பூச்சிலும் ஈயத்துக்குத் தடை போட்டது 1978-இல்தான். ஆகவே பழைய வண்ணத்தைக் கண்டால் முதலில் சோதனை, பிறகுதான் சுரண்டல். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. குழந்தைத் தொட்டிலாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எங்கள் பக்கத்திலும் குற்றவாளிகள் உண்டு நடுவர் அவர்களே. அருமையான தேக்கு அலமாரியை வாங்கி, அதன் ரேகை தெரியாமல் வெள்ளை அடித்து, ‘புதுப்பித்தேன்’ என்பவர்கள்! மேலே ஒட்டியிருப்பது மெல்லிய மரத்தோல் என்று தெரியாமல் மிஷினைப் போட்டுத் தேய்த்து ஓட்டை விடுபவர்கள்! அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

கைவேலை தெரிந்தவர் செய்தால் என்ன ஆகும்? தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால் எழுதும் மேசையாகும். உடைந்த அலமாரியின் கதவு கண்ணாடிச் சட்டமாகும். நெதர்லாந்தின் வடிவமைப்பாளர் தேயோ ரெமி 1991-இல் ஆளுக்கொரு பக்கம் கிடந்த பழைய இழுப்பறைகளை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் புது மரக்கூடு செய்தார். கோணல்மாணலாக அடுக்கி, வாரால் ஒரே கட்டாகக் கட்டினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்திருக்கிறது. எதிரணி குப்பை என்று சொல்லும் சரக்கு அது!

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. பழையதைப் புதுப்பிப்பதில் நேரம் போகிறது, நேரம் போகிறது என்கிறீர்களே, உங்கள் புதிய அலமாரியை இரண்டாம் முறை பிரித்து மாட்டியிருக்கிறீர்களா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.