புது வேலை கிடைச்சும் பழைய சம்பளம் ஏன் வரல?

(காட்சி: ஷாப்பிங் வளாகம், கார்கள். ஓரத்தில் வரிசையாக 12 செங்கல் புகைபோக்கிகள்.)

இது அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்துல இருக்குற ஹோம்ஸ்டெட். இந்தப் புகைபோக்கிங்க ஒரு பெரிய எஃகு ஆலையோடது. 1986-ல ஆலையை மூடிட்டாங்க.

அங்க வேலை பார்த்தவங்க என்ன ஆனாங்க? "கொஞ்ச நாள் கஷ்டம், அப்புறம் வேற வேலை கிடைச்சிருக்கும்"னு தோணும். பலருக்கு வேலை கிடைச்சது. சம்பளம்தான் பழையபடி வரல.

(காட்சி: வரைபடம், இரண்டு கோடுகள்.)

ஜேக்கப்சன், லலாண்ட், சல்லிவன்னு மூணு ஆய்வாளர்கள், 1980-கள்ல இதே மாநிலத்துல வேலை போனவங்களோட சம்பளக் கணக்கைத் தோண்டி எடுத்து 1993-ல வெளியிட்டாங்க. எல்லாரும் ஒரே கம்பெனியில 6 வருஷமாவது இருந்தவங்க. மேல் கோடு, வேலை போகாதவங்க. கீழ்க் கோடு, போனவங்க. அது தடால்னு விழுது, மெதுவா ஏறுது, ஆனா மேல் கோட்டைத் தொடவே இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சும் பழைய சம்பளத்துல கால் பங்கு அளவுக்கு இடைவெளி! அதே தொழில்ல இருக்குற வேற ஆலையில சேர்ந்தவங்களுக்கும் பெரிய அடிதான்.

(காட்சி: உலை முன்னால் நிற்கும் தொழிலாளி.)

ஏன்? 15 வருஷம் ஒரே மெஷின்ல நின்னவருக்கு அது போடுற சத்தத்தை வச்சே கோளாறு எங்கன்னு தெரியும். எந்த ஷிஃப்ட்ல யாரைக் கேட்டா வேலை நடக்கும்னும் தெரியும். அந்த ஆலை அதுக்குச் சம்பளம் கொடுத்துச்சு. அடுத்த கம்பெனிக்கு அதனால பிரயோஜனம் இல்ல. சீனியாரிட்டியும் ஆலை வாசலோட போச்சு. 45 வயசுல கடைசி ஆளா வரிசையில நிக்கணும். சங்கம் பேசி வாங்கின கூலியும் புது இடத்துல இருக்காது. எனக்கு மனசு கனத்துப்போற இடம் இதுதான். அவரோட கைத்திறமை ஒரு துளிகூடக் குறையல.

எந்த நேரத்துல வேலை போகுதுங்கிறதும் முக்கியம். டேவிஸ், வான் வாக்டர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2011-ல போட்ட கணக்குப்படி, நாட்டுல வேலையின்மை 6 சதவீதத்துக்குக் கீழ இருக்கும்போது கூட்டமா வேலை போன ஆண்களுக்கு, காலப்போக்குல மொத்த இழப்பு 1.4 வருஷச் சம்பளம். 8 சதவீதத்துக்கு மேல இருந்தா 2.8 வருஷம்.

(காட்சி: காலண்டர் தாள்கள் புரள்கின்றன.)

அங்க வேலையில்லாக் காப்பீடு பெரும்பாலான மாநிலங்கள்ல 26 வாரம் வரைக்கும்தான். புது வேலை கிடைச்சா அதுவும் நின்னுடும். குறைஞ்ச சம்பளத்துக்கு ஈடு? இறக்குமதியால வேலை போன, 50 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் வித்தியாசத்துல பாதியை 2 வருஷம் கொடுக்குற திட்டம் ஒண்ணு இருந்துச்சு. 2022-ல இருந்து அதுலயும் புதுசா யாரையும் சேர்க்கறதில்ல.