தென் கரோலினாவின் பழைய ஏழாம் தொகுதி

அவைத் தலைவர் அவர்களுக்கும், இந்த மாலை வேளையில் பொறுமையோடு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தேர்தல் தொகுதியின் வரலாறு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு ஓர் உறுப்பினரை அனுப்புவதற்காக 1882-ல் வரையப்பட்டு, 1894-ல் உருக்குலைக்கப்பட்ட ஏழாம் தொகுதி அது. அந்தத் தொகுதி பிறந்த விதமும் முடிந்த விதமும், வன்முறை செய்து முடிக்காத வேலையைத் தாளும் மையும் எப்படிச் செய்து முடித்தன என்பதைக் காட்டுகின்றன. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தென் கரோலினாவின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்து, அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போருக்குப் பின் வாக்குரிமை பெற்ற அவர்கள் அதைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. 1870-ன் இறுதியில் பிரதிநிதிகள் அவையில் முதல் கறுப்பின உறுப்பினராகப் பதவியேற்ற ஜோசப் ரெய்னி இந்த மாநிலத்தின் ஜார்ஜ்டவுனைச் சேர்ந்தவர். 1873-ல் மாநிலத்தின் ஐந்து உறுப்பினர்களில் நால்வர் கறுப்பினத்தவர். 1876 தேர்தலில் துப்பாக்கியும் மிரட்டலும் ஆட்சியைப் பிடித்துக் கொடுத்த பிறகு, 1877-ல் கூட்டாட்சிப் படைகளும் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு, வெள்ளையர் ஆதிக்கத்தை மீட்ட ஜனநாயகக் கட்சியினரின் முன் ஒரு கேள்வி நின்றது: இத்தனை வாக்குகளை ஒவ்வொரு தேர்தலிலும் அடித்து விரட்டிக்கொண்டே இருக்க முடியுமா?

அதற்கு அவர்கள் கண்ட விடை 1882-ல் இரண்டு சட்டங்களாக வந்தது. முதலாவது, தொகுதி வரையறை. புதிய கணக்கெடுப்பால் மாநிலத்துக்கு ஏழு இடங்கள் கிடைத்திருந்தன. வரைபடத்தை எடுத்து, கறுப்பின மக்கள் அடர்ந்து வாழ்ந்த கடற்கரைத் தீவுகள், பியூஃபர்ட், ஜார்ஜ்டவுன் பகுதிகளிலிருந்து உள்நாட்டில் சம்டர் மாவட்டத்தின் ஒரு பகுதி வரை, மாவட்ட எல்லைகளை வெட்டிக்கொண்டு ஒரே கோட்டுக்குள் வளைத்தார்கள். அந்தத் தொகுதியில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் கறுப்பினத்தவர். மாநிலத்தில் பெரும்பான்மையாக இருந்த மக்கள் ஒரே தொகுதியில் குவிக்கப்பட்டதால், மற்ற ஆறு இடங்களும் எதிர்த்தரப்பின் கைக்கு எளிதில் போய்ச் சேர்ந்தன. ஆடுகளை ஒரு பட்டியில் அடைப்பது போல வாக்குகளை அடைத்தார்கள் என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

இரண்டாவது சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் எட்டுப் பெட்டிச் சட்டம். இதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். அந்நாளில் வாக்குச் சீட்டை அரசு அச்சிட்டுத் தருவதில்லை. கட்சிகளே அச்சிட்டுத் தம் ஆதரவாளர்களுக்குக் கொடுத்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் கட்சியின் சீட்டை அடையாளம் கண்டு, மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடலாம். புதிய சட்டம் பதவிக்கொரு பெட்டி வைத்தது. ஆளுநருக்கு ஒன்று, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று என்று அறையில் பெட்டிகள் வரிசையாக நிற்கும். தவறான பெட்டியில் விழுந்த சீட்டு எண்ணப்படாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கேட்டால் தேர்தல் அலுவலர் படித்துச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. அந்த அலுவலரை நியமித்தவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நிற்பவர்கள் இடத்தை மனப்பாடம் செய்துவிடாதபடி பெட்டிகளை இடையிடையே மாற்றி வைப்பதும் நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே அந்த மாநிலத்தில் குற்றம். அதே மாநிலம்தான் அவர்களைப் பெட்டியின் முன் நிறுத்தி, படி என்றது.

இத்தனைக்கும் பிறகும் ஏழாம் தொகுதி மக்கள் வாக்களித்தார்கள். முதல் உறுப்பினரான எட்மண்ட் மேக்கி, கறுப்பின மக்கள் அந்நாளில் ஆதரித்த குடியரசுக் கட்சியைச் சேர்ந்த வெள்ளையர். அவர் 1884 ஜனவரியில் இறந்தபோது, அந்த இடத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

ஸ்மால்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச எனக்கு அனுமதி தாருங்கள். 1839-ல் பியூஃபர்ட் நகரின் பிரின்ஸ் தெருவில், எசமானரின் வீட்டுக்குப் பின்னாலிருந்த குடிசையில் அடிமையாகப் பிறந்தவர் அவர். போர்க்காலத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற தென்தரப்பு நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்தார். 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரத்தில், கப்பலைத் தாமே எடுத்தார். வழியில் தம் மனைவி மக்களையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே மேல்தளத்தில் நின்று, துறைமுக வாயிலில் தென்தரப்பின் கையிலிருந்த சம்டர் கோட்டையைக் கடக்கும்போது உரிய ஊதல் சைகையையும் கொடுத்தார். பீரங்கிகள் எட்டாத தூரம் வந்தவுடன் கொடியை இறக்கி ஒரு வெள்ளைத் துணியை ஏற்றி, முற்றுகையிட்டிருந்த வடதரப்புக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அவருக்குக் கிடைத்த பரிசுப் பணம் 1,500 டாலர். பின்னர், வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த அந்தப் பிரின்ஸ் தெரு வீட்டையே, தாம் அடிமையாகப் பிறந்த குடிசைக்கு முன்னிருந்த எசமானர் வீட்டையே, விலைக்கு வாங்கி அதில் குடியேறினார்.

இப்படிப்பட்டவரை 1886 தேர்தலில் தோற்கடித்ததாக அறிவித்தார்கள். வெற்றி பெற்றதாகச் சொல்லப்பட்டவர் வில்லியம் எலியட் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர். ஸ்மால்ஸ் அவையில் முறையிட்டார், முறையீடு ஏற்கப்படவில்லை. 1888-ல் தாமஸ் மில்லர் என்ற கறுப்பின வழக்கறிஞர் எலியட்டை எதிர்த்து நின்றார்; மறுபடியும் எலியட் வென்றதாக அறிவிப்பு வந்தது. மில்லர் முறையிட, அவை அதை விசாரித்து, அவரே உறுப்பினர் என்று தீர்த்து, 1890 செப்டம்பரில் இருக்கையைக் கொடுத்தது. பதவிக்காலமோ அடுத்த மார்ச்சில் முடிகிறது! இரண்டு ஆண்டு உரிமையில் ஐந்தரை மாதம்கூட அவருக்கு முழுதாகக் கிட்டவில்லை. அந்த ஆண்டே நடந்த அடுத்த தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மில்லருக்கு விழுந்த சீட்டுகளின் அளவும் நிறமும் சட்டம் வகுத்தபடி இல்லை, ஆகவே அவை செல்லாது என்பது அந்தத் தீர்ப்பு. தாள் கொஞ்சம் மாறியதற்காக ஒரு தொகுதியே தன் குரலை இழந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது; மறைக்க விரும்பவில்லை.

1892-ல் ஜார்ஜ் வாஷிங்டன் மர்ரே மிகச் சொற்ப வாக்குகளில் வென்றார். சம்டர் மாவட்டத்தில் அடிமையாகப் பிறந்து, ஆசிரியராகவும் விவசாயியாகவும் வாழ்ந்தவர். அவர் பதவியில் இருந்த 1893-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 இரவில், அவர் தொகுதியைச் சேர்ந்த கடற்கரைத் தீவுகளைப் பெரும்புயல் தாக்கியது. இறந்தவர்கள் ஆயிரத்துக்குக் குறையாது. இரண்டாயிரம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் சிறு நிலம் உழுது வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள். கிளாரா பார்ட்டன் தலைமையில் செஞ்சிலுவைச் சங்கம் பல மாதங்கள் அங்கே தங்கி உணவும் விதையும் கொடுத்தது. அதே மாதங்களில் அவையிலோ, தேர்தலைக் கண்காணிக்கக் கூட்டாட்சி அரசுக்கு இருந்த அதிகாரத்தை நீக்கும் மசோதா விவாதத்தில் இருந்தது. மர்ரே எழுந்து அதை எதிர்த்தார். 1894 பிப்ரவரியில் மசோதா சட்டமாயிற்று. அந்த ஆகஸ்டு 10-ஆம் நாள் அவர் இன்னொரு செயல் செய்தார்: கறுப்பின மக்கள் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற 92 பொருள்களின் பட்டியலை அவைக் குறிப்பில் பதியச் செய்தார். அவற்றில் எட்டு அவருடையவை, விவசாயக் கருவிகள். அவையில் அன்று இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர், தம் மக்களின் கைத்திறனை நாட்டின் ஆவணத்தில் எழுதி வைத்தார். அந்தப் பட்டியலை இன்றும் அங்கே படிக்கலாம்.

அதே 1894-ல் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டன. பட்டியில் அடைத்து வைக்க வேண்டிய தேவையும் தீர்ந்துவிட்டது. ஆளுநர் பெஞ்சமின் டில்மேனின் ஆட்சி வாக்காளர்களையே ஒழிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. 1895 அரசியலமைப்பு மாநாட்டில் 160 பேரில் ஆறு பேர்தான் கறுப்பினத்தவர். ஸ்மால்ஸும் மில்லரும் அவர்களில் இருவர். அரசியலமைப்பைப் படித்துப் பொருள் சொல்லும் சோதனை, 300 டாலர் சொத்து, தலைவரி ரசீது என்று வரிசையாக நிபந்தனைகள் வந்தன. என் இனத்துக்குத் தனி வக்காலத்து வேண்டாம், வாழ்க்கைப் போராட்டத்தில் சம வாய்ப்பு ஒன்றே போதும் என்று ஸ்மால்ஸ் அங்கே பேசினார். முடிவில் அந்த ஆவணத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

மர்ரே முதலாம் தொகுதியில் நின்று, மீண்டும் முறையிட்டு, 1896 ஜூனில் இருக்கை பெற்று 1897 மார்ச் வரை இருந்தார். அவருக்குப் பின் தென் கரோலினாவிலிருந்து ஒரு கறுப்பின உறுப்பினர் அவைக்குள் நுழைய 1993 வரை, 96 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நுழைந்தவர் ஜிம் கிளைபர்ன்.

ஏழு என்ற எண் மட்டும் உள்நாட்டு மாவட்டங்களுக்கு மாறி, 1933 வரை நீடித்தது. அக்காலத்து உறுப்பினர்களில் குறிப்பிடத்தக்கவர் ஆஸ்பரி லீவர். விவசாயிகளுக்குக் களத்திலேயே அறிவியல் கற்பிக்கும் விரிவாக்கப் பணிக்கு வழி செய்த 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நிதியை எந்தக் கல்லூரி பெறும் என்பதை மாநிலச் சட்டமன்றங்கள் முடிவு செய்யலாம் என்று அது வகுத்தது. தெற்கே அது வெள்ளையர் கல்லூரிகளுக்கே போயிற்று. வாக்கில்லாத உழவர்களுக்காக அதைத் தட்டிக் கேட்க அவையில் கறுப்பின உறுப்பினர் ஒருவரும் இல்லை. 1930 கணக்கெடுப்பில் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது, எண்ணும் மறைந்தது. 2013-ல் ஏழாம் தொகுதி என்ற பெயர் திரும்பி வந்தபோது, அது வடகிழக்கில் மிர்ட்டில் பீச் பக்கம் அமைந்தது. பியூஃபர்ட் அதில் இல்லை.

பியூஃபர்ட் இன்று முதலாம் தொகுதியில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்புக்குப் பின் அந்தத் தொகுதியை மறுபடி வரைந்தபோது, சார்ல்ஸ்டன் மாவட்டத்தின் ஏறத்தாழ 30,000 கறுப்பின மக்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டு, ஏற்கெனவே அவர்கள் மிகுதியாக வாழும் ஆறாம் தொகுதியில் சேர்க்கப்பட்டார்கள். அது இன அடிப்படையிலான வரையறை என்று கீழ் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2024 மே 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. ஸ்மால்ஸ் வாங்கிய வீடு பிரின்ஸ் தெருவில் இப்போதும் நிற்கிறது.