ஸ்கோர் எழுதிய பிள்ளை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"சேர், பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிற மாதிரி ஒரு விளையாட்டுக் கதை சொல்லுங்க" என்று கேட்டுத்தான் இந்த நிகழ்ச்சிக்கு என்னை அழைத்தார்கள். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக வெயிலில் நின்றவன் நான், கதைக்குக் குறைவில்லை. ஆனால் இன்றைக்குச் சொல்லப்போகும் கதையில் பாதிதான் நடந்தது, அதுவும் அமெரிக்காவில். மற்றப் பாதி இங்கே, என் கையால் நடந்திருக்க வேண்டியது.

மட்டக்களப்பாருக்குக் கூடைப்பந்தாட்டத்தை விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மைக்கேல் கல்லூரியில் வளர்த்துவிட்ட விளையாட்டு அது. வெபர் அடிகளாரின் பெயரில் மைதானமே இருக்கிறது. கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த ஹெபேட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். அவரிடம் பழகிய பெடியன்கள் இன்று தாத்தாமாராகிவிட்டார்கள். பந்தை எறியும்போது மணிக்கட்டை மடக்கும் விதத்தைப் பார்த்தே அவர்களை இன்னும் கண்டுபிடிக்கலாம்.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருவோம். 2006 பெப்ரவரி 15. நியூயோர்க் மாநிலத்தில், ரொச்செஸ்டர் நகரை ஒட்டிய கிரீஸ் அதீனா என்ற பாடசாலை. அங்கே ஜேசன் மெக்எல்வெயின் என்றொரு 17 வயதுப் பிள்ளை. சிறுவயதிலேயே ஓட்டிசம் உள்ளவர் என்று அடையாளம் காணப்பட்டவர். உயரம் 5 அடி 6 அங்குலம். அணியில் இடம் கிடைக்கவில்லை, முகாமையாளர் என்று வைத்துக்கொண்டார்கள். பெயர்தான் முகாமையாளர். தண்ணீர்ப் போத்தல், துவாய், பந்து பொறுக்குவது, கழுத்துப்பட்டியோடு பெஞ்சில் இருந்து கத்துவது, இதுதான் வேலை.

அன்றைக்குச் சொந்த மைதானத்தில் கடைசிப் போட்டி. பாடசாலையை விட்டுப் போகும் வருடம் என்பதால் பயிற்றுநர் ஜிம் ஜோன்சன் அவருக்கும் 52ஆம் இலக்க ஜேர்ஸியைக் கொடுத்தார். அணி நன்றாக முன்னுக்கு நின்றது. முடிய நாலு நிமிடம் இருக்கும்போது இறக்கினார். முதல் எறி வளையத்தில் படவேயில்லை. இரண்டாவதும் தவறியது. அப்போது அந்தப் பயிற்றுநரின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பது பெஞ்சில் இருந்து பழகிய எங்களைப் போன்ற பயிற்றுநர்களுக்குத் தெரியும். பிறகு ஒன்று விழுந்தது. இன்னொன்று, இன்னொன்று. மொத்தம் ஆறு மூன்று புள்ளி எறிகள், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டவை. அதோடு ஒரு இரண்டு புள்ளி. நாலே நிமிடத்தில் 20 புள்ளிகள், அன்றைய போட்டியில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர்தான். சனம் மைதானத்துக்குள் இறங்கி அவரைத் தோளில் தூக்கியது. அடுத்த மாதம் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் வந்து சந்தித்தார். அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டுத் தருணம் என்ற விருதுக்கு பிரபல கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் ஒரே போட்டியில் எடுத்த 81 புள்ளிகளும் போட்டிக்கு நின்றன. விருது கிடைத்தது ஜேசனுக்கு.

எதிரணி இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்திருக்கும் என்று சிலர் நினைக்கலாம். யாரும் மறிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பாடசாலைப் போட்டிகளில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத் தூரம். வளையம் 10 அடி உயரம். யாரும் மறிக்காமலே போய் நின்று ஆறு தரம் போட்டுப் பாருங்கள். வளையம் ஒருவருக்கும் இரக்கப்படாது.

எல்லோரும் அதை 'எதிர்பாராத வெற்றி' என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம். எதிர்பாராதது யாருக்கு? அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு வந்தவர், எறிந்து எறிந்து பழகியவர். கைக்குத் தெரிந்திருந்தது. பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடமும் ஒரு பிள்ளை இருந்தான்.

பாடசாலையின் பெயரை விடுவோம். 2004ஆம் ஆண்டு, சுனாமிக்கு முந்தின ஆடி மாதம். அந்தப் பிள்ளை மூன்று வருடமாக எங்கள் அணியின் ஸ்கோர் புத்தகம் எழுதினான். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான், கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வான். நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'கொஞ்சம் ஒரு மாதிரி'. ஓட்டிசம் என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. அது நோய் அல்ல, மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு என்பதெல்லாம் பிறகு படித்ததுதான். 2009இல் நம் நாட்டு ஆய்வொன்று, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அப்படியென்றால் என் கையால் எத்தனை பேர் கடந்து போயிருப்பார்கள்!

புத்தகத்தை நான் கூட்டினால் எங்காவது ஒரு புள்ளி குறையும். அவன் கூட்டினால் குறையாது. என் பிழையைச் சிவப்புப் பேனாவால் வெட்டித் திருத்தி, ஒன்றும் சொல்லாமல் நீட்டுவான். பயிற்சி முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்த பிறகு, இடது மூலையில் ஒரே இடத்தில் நின்று எறிந்துகொண்டிருப்பான். இருட்டும் வரைக்கும் அதே இடம், அதே எறி. 'பிள்ளை தன்பாட்டில் விளையாடுது' என்று நினைத்துக்கொண்டு மைதானக் கேற்றைப் பூட்டுவேன். அது பயிற்சி என்று எனக்குப் படவில்லை.

வலய மட்டப் போட்டி ஒன்றில் முப்பதுக்கு மேல் முன்னுக்கு நின்றோம். அவனுடைய அம்மா வந்திருந்தா. இடைவேளையில் என்னிடம் வந்து, "சேர், பேர் லிஸ்ற்றில கிடக்குத்தானே, ஒருக்கா இறக்கி விடுங்களன்" என்று மெதுவாகக் கேட்டா. பெயர் இருந்தது உண்மை. ஆள் குறைந்தால் இருக்கட்டும் என்று நான்தான் போட்டிருந்தேன். "சத்தம் அவனுக்குக் கூடாது அம்மா, பயந்துபோவான்" என்றேன். அம்மா தலையாட்டிவிட்டுப் போய் இருந்தா.

அந்த அமெரிக்கக் காணொளியைப் பல வருடம் கழித்து என் மருமகன் கைப்பேசியில் காட்டியபோதுதான் யோசித்தேன். ஸ்கோர் மேசை எங்கே இருக்கும்? மணி அடிப்பவருக்குப் பக்கத்தில். மைதானத்திலேயே அதிகச் சத்தம் கேட்கும் இடம் அதுதான். மூன்று வருடம் அவன் அங்கேதான் இருந்தான். சத்தத்துக்குப் பயந்தவன் நான். இரண்டு எறி தவறி, சனம் சிரித்தால் என்ன செய்வது என்ற பயம். ஜோன்சனுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும், ஆனாலும் இறக்கினார்.

இதைக் கேட்டுவிட்டு, ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் எல்லோருக்குள்ளும் ஒரு வித்தை ஒளிந்திருக்கும் என்று தேடத் தொடங்காதீர்கள். அதுவும் ஒரு பாரம். இருபது புள்ளி எடுக்காத பிள்ளைக்கும் நாலு நிமிடம் கொடுக்கத்தான் வேண்டும். ஜேசனும் அந்த இரவோடு நின்றுவிடவில்லை. சுப்பர் மார்க்கட்டில் வேலை செய்தார், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், 2014இல் பொஸ்டன் மரதனை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தார். எனக்கு 20 புள்ளியை விட அந்த ஓட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதைத் தோளில் தூக்கிக் கொண்டாட ஆள் வந்திருக்காது.

என்னுடைய ஸ்கோர்காரப் பிள்ளை இப்போது முப்பத்தைந்து தாண்டிய ஆள். அண்ணனின் ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். போன மாதம் கால் கிலோ ஆணி வாங்கப் போனேன். நான் வாயைத் திறக்க முதலே, "61க்கு 29, சேர்" என்றார். அதே போட்டி. கேட்கவேண்டும் என்று வருடக்கணக்காக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அன்றைக்கு நான் இறக்கியிருந்தால் விளையாடியிருப்பீரா?"

ஆணியை நிறுத்துக்கொண்டே, "ஸ்கோர் யார் எழுதுற?" என்றார்.

"நான் எழுதியிருப்பேன்" என்றேன்.

"நீங்க பிழையா எழுதுவீங்க" என்று சொல்லி, மிச்சக் காசை எண்ணித் தந்தார்.