தவளைகளை வரவழைத்தவர்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

வேதாகமத்தில் யாத்திராகமம் ஏழாம் அதிகாரத்தை வாசிக்கிற எவருக்கும் ஒரு சங்கடம் வரும். மோசேயின் அண்ணன் ஆரோன் கோலைப் போடுகிறார், அது பாம்பாகிறது. எகிப்தின் ராஜா பார்வோனின் மந்திரவாதிகளும் தங்கள் கோல்களைப் போடுகிறார்கள், அவையும் பாம்பாகின்றன. நதி இரத்தமாகிறது. அதையும் அவர்கள் செய்துகாட்டுகிறார்கள். அது வெறும் கண்கட்டு வித்தை என்று வேதம் சொல்லவே இல்லை. அப்படியானால் மந்திரத்துக்கும் தேவ வல்லமைக்கும் என்ன வேறுபாடு?

எனக்கு அதைப் புரியவைத்தது தவளைகள்தான். கர்த்தர் அனுப்பிய வாதையால் எகிப்து முழுவதும் தவளை: படுக்கையில், அடுப்பில், மாப்பிசைகிற தொட்டியில். அந்த நேரத்தில் மந்திரவாதிகள் என்ன செய்தார்கள்? அவர்களும் தவளைகளை வரவழைத்தார்கள்! வீடு நிறையத் தவளை இருக்கும்போது இன்னும் தவளை எதற்கு? ராஜாவுக்கு வேண்டியது அவை போவது. அது அவர்களால் ஆகவில்லை. பார்வோன் மோசேயைத்தான் கூப்பிட்டு, வேண்டிக்கொள்ளச் சொல்கிறான். மோசே அங்கே கோலை நீட்டவில்லை, மந்திரம் சொல்லவில்லை. கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். வல்லமை மோசேயின் கையில் இல்லை, கேட்டுத்தான் பெற வேண்டும். அடுத்து பேன் வந்தபோது மந்திரவாதிகளே, "இது தேவனுடைய விரல்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோனுக்கு இதுதான் புரியவில்லை. ஊரே அவனை "தேவனுடைய பெரிதான சக்தி" என்று கொண்டாடியது. அப்புறம் ஞானஸ்நானமும் பெற்றான். ஆனால் அப்போஸ்தலர் கைவைக்கப் பரிசுத்த ஆவி அருளப்படுவதைக் கண்டதும், அந்த வல்லமையைத் தனக்கும் தரும்படி பணத்தை நீட்டினான். அவனைக் கெட்டவன் என்று சட்டென ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தொழில் தெரிந்தவன், தொழில்முறையிலேயே கேட்டான். பேதுருவோ, தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்ததற்காக அவனைக் கடுமையாகக் கண்டித்தார்.

எபேசு பட்டணத்தில், பேயோட்டுகிறவர்களான ஸ்கேவாவின் ஏழு குமாரர் பொல்லாத ஆவி பிடித்த ஒருவனிடம் இயேசுவின் பெயரையே மந்திரம்போல் சொல்லிப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்றது பொல்லாத ஆவி. அந்த மனுஷன் கையால் அடிபட்டு, உடுப்பில்லாமல் ஓடினார்கள். அதைக் கேள்விப்பட்டு ஊரில் பயம் உண்டாயிற்று. மாயவித்தைக்காரர் பலர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னும் எரித்தார்கள். விலையைக் கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. விற்றிருந்தால் அத்தனையும் கையில் வந்திருக்கும். ஒருவரும் விற்கவில்லை.