வடக்குப் பார்த்த வாசலில் சோலார் பந்தம்: ஆனியில் மூன்று மணிவரை, கார்த்திகையில் எட்டு மணிவரை

வணக்கம் மக்களே. மணி இப்போது 5:35. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம், எங்கள் வீட்டு வாசல். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. வானத்தை ஒருமுறை காட்டுகிறேன், பாருங்கள். சாம்பல் பூசியதுபோல் கிடக்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த லட்சணத்தில் நான் சோலார் விளக்கைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன ஆனி மாதம் நான் போட்ட வீடியோ உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். தீப்பந்தம்போல் ஆடுகிற சோலார் விளக்கு பத்து வாங்கி வாசலில் வரிசையாக நட்டிருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் எரிகிறது, மூன்று மணிக்குப் பார்த்தாலும் எரிகிறது. அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வாங்கினீர்கள். இப்போது அவர்களே, "அண்ணா, எட்டு மணிக்கே அணைந்துவிடுகிறது, ஏமாற்றிவிட்டீர்களே" என்று எழுதுகிறீர்கள். ஏமாற்றவில்லை சாமி. என் வீட்டிலும் எட்டு மணிக்கே அணைந்தது.

முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் பேனலைத் துடைத்துப் பார்த்தேன். காரணம் இரண்டும் இல்லை. இதோ இங்கே வாருங்கள், திண்ணையிலிருந்து நாலடி தள்ளி. ஆனியில் இந்த இடத்தில்தான் வரிசை கட்டியிருந்தேன். எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. ஆனி மாதம் நடுப்பகலில் சூரியன் நமக்கு உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஏறக்குறைய 11 பாகை அட்சரேகை, சூரியன் வடக்கே 23 பாகைக்கு மேல் போகும், கணக்கு சரியாக வரும். அதனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை வடக்கு வாசலில் நல்ல வெயில். இப்போது தட்சிணாயனத்தின் கடைசி. நண்பகலிலேயே சூரியன் உச்சிக்குத் தெற்கே 33 பாகை சாய்ந்துதான் போகிறது. வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவர் 14 அடி உயரம். பந்தத்தின் தலை தரையிலிருந்து இரண்டரை அடி. மிச்சம் பதினொன்றரை அடிச் சுவரின் நிழல் ஏழு எட்டு அடிக்கு வாசலில் விழுகிறது. நாலடியில் நட்ட விளக்கு பகல் முழுக்க நிழலில்தான் நின்றிருக்கிறது, பாவம்.

நேற்று மதியம் மேகம் விலகிய பத்து நிமிடத்தில் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து நிழலின் விளிம்பில் கோடு போட்டு வைத்தேன். இதோ, மழையில் பாதி கரைந்திருந்தாலும் தெரிகிறது. விளக்கு வாங்குவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எந்த மாதம் எரிய வேண்டுமோ அந்த மாதத்து நிழலைப் பாருங்கள். தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் இப்போது சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனியில் உங்கள் வாசலைப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு விளக்கைக் கழற்றிக் காட்டுகிறேன். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பின்னால் கோழி கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே தொப்பி மாதிரி இருப்பது பேனல். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி வருகிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழல். அதைச் சுற்றி, வளைகிற பட்டையில் பொடிப்பொடியாக எல்.இ.டி. இதில் மொத்தம் 96. அடியில் உள்ள வரிசைகள் ஏறக்குறைய எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். மேலே போகப் போக விட்டுவிட்டு எரியும். ஒரு சின்ன சில்லு அதை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குகிறது. கண்ணுக்கு அது தீ நாக்கு மேலே எழும்புவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அதே ஆட்டம் திரும்பி வருவதும் தெரிந்துவிடும். உற்றுப் பார்க்காதீர்கள்.

நிறமும் முக்கியம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் வெள்ளை. மெழுகுவத்திச் சுடர் ஏறக்குறைய 1,900. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்பு 6,500. அதனால் திண்ணையில் வெள்ளை விளக்கு எரிந்தால் பக்கத்தில் இந்தப் பந்தம் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்குமே ஒழிய நெருப்பு மாதிரி இருக்காது. திண்ணை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், வேறு வீடாகத் தெரியும். ஆரஞ்சு வெளிச்சத்தில் இன்னொரு லாபம், வெள்ளை விளக்குக்கு வருகிற அளவுக்குப் பூச்சி வராது. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் அது எவ்வளவு பெரிய லாபம் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும்.

பேட்டரிக்கு வருவோம். இந்தப் பெரிய பந்தத்தில் 3.7 வோல்ட் லித்தியம் செல், 2,200 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 8 வாட் மணி, அதாவது ஒரு வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிகிற கரண்ட். பேனல் ஒரு வாட். நல்ல வெயில் ஐந்து மணி நேரம் விழுந்தால், போகிற சேதாரம் போக 4 வாட் மணி சேரும். விளக்கு அரை வாட் குடிக்கும். எட்டு மணி நேரம் எரிந்தாயிற்று. அதே பேனல் இன்றைக்கு மாதிரி மூடிய வானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும், மிஞ்சிப்போனால் கால் பங்கு. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, இல்லையென்றால் இரண்டு மணி நேரம். நிழலில் நட்ட விளக்கு எட்டு மணிவரை எரிந்ததே பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்தச் சின்ன விளக்கில் வேறு பேட்டரி, 1.2 வோல்ட் நிக்கல் செல். பார்ப்பதற்கு டிவி ரிமோட்டில் போடுகிற செல் மாதிரியே இருக்கும். அதே அளவுதானே என்று ரிமோட் செல்லைப் போட்டுவிடாதீர்கள், அது சார்ஜ் ஏற்றுகிற செல் இல்லை, கசிந்துவிடும். நான் போட்டேன். கசிந்தது. ஸ்பிரிங்கெல்லாம் பச்சையாகப் பூத்துப்போய் விளக்கு செத்துக் கிடந்தது. எலுமிச்சைச் சாற்றில் பஞ்சைத் தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் இன்னொரு தடவை துடைத்து, வெயிலில் காயவைத்துப் புதிய நிக்கல் செல் போட்டேன். எரிந்தது. பழைய செல்லைக் குப்பை கொளுத்துகிற இடத்தில் போடாதீர்கள். லித்தியம் செல் நெருப்பில் விழுந்தால் வெடிக்கும். பழைய பேட்டரி வாங்கிக்கொள்கிற கடையாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இதற்குத்தான் அதிகம் பேர் திட்டி எழுதுகிறீர்கள். தலைக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். புதிதாக வாங்கியதும் அதை ஆன் செய்ய வேண்டும். சில விளக்குகள் சுவிட்ச் ஆஃபில் இருந்தால் சார்ஜும் ஏறாது. பேனலைக் கையால் மூடிப் பாருங்கள், எரிந்தால் ஆன் என்று அர்த்தம். என் பெரியப்பா இரண்டு வாரம் ஆஃபிலேயே வெயிலில் காயவைத்துவிட்டு, திருப்பி அனுப்பப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு நிழலிலிருந்து தப்பிக்க விளக்குகளைக் கேட் பக்கம் தள்ளி நட்டேன். அங்கே வேறு வம்பு. ஆறரை ஆகிறது, ஏழு ஆகிறது, இந்த ஒன்று மட்டும் எரியவே இல்லை. கையால் மூடினால் எரிகிறது, கையை எடுத்தால் அணைகிறது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே தெருவிளக்கு! இந்த விளக்குகளுக்கு இருட்டிவிட்டதா என்று சொல்வதே பேனல்தான். தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுந்தால் இன்னும் பகல் என்று நினைத்துக்கொள்ளும். தெருவிளக்கு எங்களுக்கு வடக்கே, வெயில் தெற்கே. ஆகவே கேட் தூணுக்கு ஒட்டித் தெற்குப் பக்கம் நட்டேன். தூண் தெருவிளக்கை மறைக்கிறது, வெயிலை மறைக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியில் ஐபி 65 என்று போட்டிருப்பார்கள். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். தண்ணீருக்குள் மூழ்கினால் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. போன வாரம் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. உயரமான பந்தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையோடு தரையாகப் பதித்திருந்த மூன்று குட்டை விளக்கும் போச்சு. பள்ளமான வாசல் என்றால் குட்டை விளக்கு வாங்கவே வேண்டாம்.

ஈர மண்ணில் பந்தம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்காது. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் கள்ளுக்கடையிலிருந்து வந்ததுபோல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். இதற்கு என்ன செய்தேன் என்றால், மோட்டார் வேலை செய்தபோது மிஞ்சின பிவிசி குழாயை ஒரு அடி ஒரு அடியாக அறுத்துக்கொண்டேன். கடப்பாரையால் குழி போட்டுக் குழாயை இறக்கி, சுற்றிலும் செங்கல் ஜல்லி போட்டு இடித்தேன். பந்தத்தின் முளையை அதற்குள் சொருகினால் போதும். கோலம் போட அம்மாவுக்கு இடம் வேண்டுமென்றால் உருவி எடுத்துவிடலாம்.

காக்கை! சொல்ல மறந்தேன். பந்தத்தின் தலை காக்கைக்கு உட்காரத் தோதான இடம். உட்கார்ந்தால் சும்மா போகுமா? பேனலில் ஒரு ரூபாய்க் காசு அளவு எச்சம் விழுந்தாலும் சார்ஜ் நன்றாகக் குறையும். வாரம் ஒருமுறை ஈரத்துணி போதும். சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துப் பேனலைக் கீறிவிடாதீர்கள்.

மணி ஆறு ஆகப் போகிறது, இருங்கள். பத்தில் இப்போது நான்குதான் வைத்திருக்கிறேன். கேட் தூணுக்கு இரண்டு, கோலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பத்தும் வரிசையாக நின்றபோது கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். துளசி மாடத்துக்கு நல்ல வெயில் கிடையாது, அங்கே மூன்று மீட்டர் ஒயரோடு பேனல் தனியாக வருகிற விளக்கு. பேனல் மொட்டை மாடியில் இருக்கிறது.

அதோ, தூணோரம் ஒன்று எரிந்துவிட்டது. இன்னொன்று. பார்த்தீர்களா, எல்லாம் ஒரே நேரத்தில் எரியாது. ஒவ்வொன்றுக்கும் இருட்டுகிற நேரம் கொஞ்சம் வேறு. அதுவும் நல்லதுதான். ஒன்றாகத் தொடங்கினால் எல்லாச் சுடரும் ஒரே தாளத்தில் ஆடி அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். கேமராவில் கோடு கோடாகத் தெரிந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரில் அந்தக் கோடு இல்லை. கோலத்தைப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வருவதால் மாவுக்கோடு தரையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் இருக்கிறது. எனக்கு இது ஒன்றுக்காகவே இந்த விளக்கு பிடிக்கும்.

அம்மா இதைக் கார்த்திகை விளக்காக ஒத்துக்கொள்ளவில்லை. "இது காவல் விளக்குடா, சாமி விளக்கு இல்லை" என்று முடித்துவிட்டார். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் முதல் அகல் ஏறும். அதற்கு எண்ணெயும் திரியும்தான். நானும் மறுக்கவில்லை. சின்ன வயதில் இதே வாசலில் மாவலி சுற்றினவன் நான். ஆண்பனையின் பூவைக் கருக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டிச் சுற்றினால் பொறி மழையாகக் கொட்டும். அதற்கு முன்னால் இந்த 96 புள்ளி எம்மாத்திரம்? ஆனால் அகல் காற்றுக்கு நிற்காத இடம் என்று வாசலில் உண்டு. கேட் தூணில் நான் ஏற்றிய அகல் ஒரு வருடமும் ஐந்து நிமிடம் தாண்டியதில்லை. அங்கே பந்தம், மாடத்திலும் திண்ணையிலும் படியிலும் அகல். இப்படித்தான் எங்களுக்குள் உடன்பாடு.

வெயில் வராவிட்டால் தீபத்தன்று என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். பந்தத்தின் அடியில் ரப்பர் மூடிக்குள் யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கிறது. முதல் நாள் ராத்திரி நான்கையும் பிடுங்கி வந்து போன் சார்ஜரில் சொருகிவிடுவேன். சோலார் விளக்குக்குக் கரண்டில் சார்ஜ் போடுகிறவன் என்று சிரிக்காதீர்கள். சார்ஜ் ஏறியதும் அந்த மூடியை அழுத்தி மூட மறக்காதீர்கள், தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது, என் போனுக்கு ஐபி 65 இல்லை. அம்மா பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிற வாசனையும் வருகிறது. நான் உள்ளே ஓடுகிறேன், தீபத்தன்று வாசலைக் காட்டுகிறேன். வருகிறேன் மக்களே.