பிட் ஸ்திரீட்டில் ஒரு மாலைப் பொழுது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். பினாங்குத் தீவுக்கு வருகிறவர்கள் காண வேண்டிய வரலாற்றுச் சின்னங்களையும் வழிபாட்டிடங்களையும் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நான் அழைத்துச் சென்று காட்டிவருவது பெரும்பாலும் ஒரே ஒரு தெருவைத்தான். ஒரு நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று பேருந்தில் ஓடுவதைவிட, அந்தத் தெருவில் ஒரு மாலைப் பொழுதை நடந்தே கழிப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜார்ஜ்டவுன் நகரில் பிட் ஸ்திரீட் என்று முதியவர்கள் இன்றும் சொல்கிற அந்தத் தெருவுக்கு இப்போதைய பெயர் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங். கடற்கரைப் பக்கமிருந்து நடக்கத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் தேவாலயம் அது. 1786இல் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கிய பிரான்சிஸ் லைட்டுக்கு அதன் வளாகத்தில் ஒரு நினைவு மண்டபம் உண்டு. வழிகாட்டிகள் எல்லாரும் அந்த மண்டபத்தைக் காட்டுவார்கள். தேவாலயத்தை எழுப்பிய கைகள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளின் கைகள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்தத் தூண்களின் அருகில் நிற்கும்போது தயவுசெய்து அம்மனிதர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே வரிசையில் சற்றுத் தள்ளி, ஹொக்கியன், கான்டனீஸ் என்னும் சீனச் சமூகத்தார் சேர்ந்து 1800ஆம் ஆண்டில் கருணைத் தெய்வமான குவான் யின்னுக்கு எழுப்பிய கோவில் இருக்கிறது. அதன் முன்றிலில் கையளவு பருமனுள்ள ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கும். புறாக்கள் கூட்டமாக இறங்கி எழும். சீன நாட்காட்டியின் 2, 6, 9ஆம் மாதங்களில் 19ஆம் நாளன்று அங்கே திருவிழா நடக்கும். அந்நாட்களில் சென்றால் புகையில் கண் எரியும். ஆனாலும் அன்றுதான் செல்ல வேண்டும் என்று நான் சொல்வேன். மேலும் நடந்தால், அடுத்த இணைத்தெருவான குயின் ஸ்திரீட்டில், 1833இல் கட்டப்பட்ட அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம். அதையும் கடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 'கிளிங்' என்ற சொல் இன்று நம் காதுக்கு இழிசொல்லாக ஒலிக்கிறது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் இப்பள்ளிவாசல் எழுந்த காலத்தில், சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்தவர்களைக் குறிக்கும் பெயராகவே அது வழங்கியது. 1801இல் அச்சமூகத்தின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, நியமிக்கப்பட்ட காதர் முகைதீன் என்பவர் கம்பெனியிடமிருந்து 18 ஏக்கர் நிலம் பெற்று இதை நிறுவினார். இன்று நாம் காணும் பெரிய குவிமாடங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த விரிவாக்கத்தின்போது வந்தவை.

பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு வண்டியேறிவிடாதீர்கள். சூலியா ஸ்திரீட்டில் திரும்பிச் சில அடிகள் நடந்தால், கிங் ஸ்திரீட் முனையில் ஒரு சிறிய கட்டடம் தென்படும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா அது. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய இடம். எனக்கு மிகவும் நெருக்கமான இடமும் அதுவே. ஆகவே நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இங்கே சற்று நின்றுதான் பேசுவேன்.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த பயணம். நடுக்கடலில் ஓர் இரவு புயலில் கப்பல் ஆடியபோது, பக்கத்துப் பாயில் இருந்த முஸ்லிம் அம்மாள் ஒருவர், கப்பலின் ஓட்டையை நாகூர் ஆண்டவர் அடைத்த கதையைச் சொன்னாராம். ஆண்டவர் சவரம் செய்துகொண்டிருந்த வேளையில், எங்கோ கடலில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்கத் தொடங்கியதை உணர்ந்து, நாவிதரின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி எறிய, அது போய் ஓட்டையில் ஒட்டிக்கொண்டது என்பது அக்கதை. கேட்ட பாட்டி அப்போதே சேலைத் தலைப்பில் காலணா ஒன்றை முடிந்துகொண்டார். பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாம் நாட்களைக் கழித்து, ஊருக்குள் வந்ததும் முதலில் சென்றது இந்தத் தர்காவுக்குத்தான். முடிச்சை அவிழ்த்துக் காணிக்கையைச் செலுத்திய பிறகே மாரியம்மனைக் கும்பிடப் போனார். பிற்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் வியாழக்கிழமை மாலையில் என்னை அங்கே தூக்கிச் செல்வார். சாம்பிராணிப் புகையும், நெற்றியில் மயிலிறகு வருடிய குளிர்ச்சியும், கையில் வைத்த சர்க்கரையும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. திரும்பும் வழியில் குவான் யின் கோவில் முன்றிலில் ஓர் ஊதுவத்தியையும் ஏற்றிவிட்டுத்தான் வீடு வருவார்.

ஆகவே மீண்டும் சொல்கிறேன்: கட்டடங்களைப் படம் எடுப்பதோடு நில்லாமல், அங்கே வருகிறவர்களைப் பாருங்கள். இந்நகரம் மலாக்காவுடன் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தத் தகுதியில் இத்தெருவில் வழிபட வருகிற மக்களுக்கும் பங்குண்டு. பழைய வீடுகளின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பழைய குடித்தனக்காரர்கள் பலர் நகரின் நடுப்பகுதியைவிட்டு வெளியேற நேர்ந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நேரம் குறைந்துவிட்டதென்று அறையிலிருந்து சைகை காட்டுகிறார்கள். ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சீ ஆலயத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அதன் ஏழடுக்குப் பகோடா அடியில் சீனப் பாணியிலும், நடுவில் தாய்லாந்துப் பாணியிலும், உச்சியில் பர்மியப் பாணியிலும் அமைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லோரோங் பர்மாவில் 33 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தரையும், எதிரே உள்ள பர்மியக் கோவிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். தைப்பூச வேளையில் வருகிறவர்கள், பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள 'கோவில் வீடு' என்னும் நகரத்தார் இல்லத்திலிருந்து நகரத்தார் ஆலயத்துக்குப் புறப்படும் வெள்ளிரதத்தின் வழியில் நின்றால், சீனர்களும் கூடை கூடையாகத் தேங்காய் குவித்து உடைப்பதைக் காணலாம். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். வெயில் ஏறுவதற்கு முன்பே ஏறத் தொடங்குங்கள். வணக்கம்.