மனசுக்குப் பட்டால் போதுமா?

(மயிலாப்பூர்க் கூட்டமொன்றில் பேசியது)

அவையோருக்கு வணக்கம். பூமியின் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு. நிலநடுக்கோட்டோடு இறுக்கிக் கட்டியாயிற்று, சுமார் 40,000 கிலோமீட்டர். அதில் ஒரே ஒரு மீட்டர் கூட்டினால் கயிறு சுற்றிலும் சீராகத் தரையை விட்டு எவ்வளவு எழும்பும்?

"மயிரிழைகூட எழும்பாது" என்கிறார் பின்வரிசை ஐயா. எனக்கும் அப்படித்தான் படுகிறது. விடை ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். பூனைக்குட்டி நுழைந்து போகலாம். எலுமிச்சம்பழத்தைச் சுற்றிய நூலில் ஒரு மீட்டர் கூட்டினாலும் அதே 16தான். கூட்டிய நீளத்தை 2π-ஆல், அதாவது சுமார் 6.28-ஆல், வகுத்தால் முடிந்தது. பூமியா பழமா என்று கணக்கு கேட்பதே இல்லை. என்னை உறுத்துவது விடையல்ல. போட்டுப் பார்த்த பிறகும் மனசு ஒப்ப மாட்டேன் என்கிறதே, அதுதான்.

மனசுக்குப் பட்டதே சரியாக வந்ததற்கு உடனே கணித மேதை ராமானுஜனைச் சொல்வீர்கள். சொல்ல வேண்டியவர்தான். இதே ஊர்த் துறைமுகத்தில் கணக்குக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டவர். அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னதை எல்லாரும் சொல்கிறோம், சிலேட்டை மறந்துவிடுகிறோம். காகிதத்துக்குக் கட்டாது, சிலேட்டில் போட்டு, துணி தேடப் பொறுமையில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துப்போகிற அளவுக்கு அழித்த கணக்குகளுக்கு மேலே வந்த கனவு அது.

அவருக்கும் பகா எண்களில் சறுக்கியது. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் என்று அவர் அனுப்பிய சூத்திரம், அவர் சொன்ன அளவுக்குத் துல்லியமாக இல்லை. பகா எண்களோடு பிணைந்த ஜீட்டா சார்பு என்று ஒன்று உண்டு. அது பூஜ்யமாகிற கலப்பெண் இடங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சரியானவற்றை எழுதிய அதே கை, அதே உறுதி. உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவை, அதாவது உண்மையை அறியும் வழி, என்றார்கள் நம் சைவ சித்தாந்திகள். நீங்கிவிட்டதென்று யார் சொல்வது என்பதில்தான் சங்கடம்.

நிரூபணம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி வருகிறதென்று எப்படித் தெரிகிறது? பார்த்தால் தெரிகிறது! அங்கேயும் இதே உள்ளுணர்வுதான், சின்னச் சின்னத் துண்டாக. துண்டு சின்னதென்றால் பக்கத்திலிருப்பவரும் பார்த்து "இல்லையே" என்று சொல்ல முடியும். அந்த வசதிக்காகவே நான் நிரூபணத்தின் பக்கம்.

வரும்போது வாசலில் பூ வாங்கினேன். பூக்காரம்மா கையைப் பார்க்காமலே இரண்டு முழம் போட்டார். வீட்டில் ஸ்கேல் வைத்து அளப்பேன் என்றேன், விளையாட்டாக.

"அளந்துக்கோ சார். கொறைஞ்சா நாளைக்கு வந்து சண்டை போடு, இங்கதான் இருப்பேன்."